நாணயத்தை விற்பதில் நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியிலே பொருள் இரண்டு உண்டு. கையிலே புழங்கும் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். 'அவர் நாணயமான மனிதர்' என்று ஊரார் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவரிடம் காசு இருக்கிறது என்று அதற்குப் பொருளன்று. அவர் வாக்கை நம்பலாம் என்பதே பொருள். இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் தொழில் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். பழங்காசுகளை இணையவழி ஏலத்தில் விற்போர், அக்காசுகளைப் பற்றி எழுதும் விவரக் குறிப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே பொருள்.

இது வியாபாரிகளுக்கு உரிய செய்தியாயிற்றே, மாணவர்களுக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். ஒரு பொருளை உற்று நோக்குவது, அளப்பது, நிறுப்பது, கண்டதைக் கண்டவாறே எழுதுவது, காணாததை எழுதாமல் விடுவது ஆகிய ஐந்தும் கல்வியின் உறுப்புகள் அல்லவா? சோதனைச் சாலையிலே மாணவன் எழுதும் குறிப்பும், காசைப் பற்றி அவன் எழுதும் குறிப்பும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆகையால் இது உங்களுக்கும் உரிய பொருளே.

ஏலம் நமக்குப் புதியதன்று. அச்சொல் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது என்று அகராதி கூறும். வந்த சொல்லைத் தமிழர் தமதாக்கிக் கொண்டனர். 'ஒருதரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்ற குரல் கேளாத சந்தை தமிழ்நாட்டில் உண்டோ? தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கே ஏலம் நடக்கிறது. அங்கே இன்று கணிப்பொறி வழியாகவே விலை கேட்கிறார்கள். எனினும், விலை கேட்பதற்கு முன்னால் ஏலக்காய் மாதிரி வணிகர் கைக்கு வந்து சேர்கிறது. அவர் அதைத் தொட்டுப் பார்க்கிறார், நிறத்தையும் பருமனையும் நோக்குகிறார், மணத்தை முகர்கிறார், பிறகே விலை சொல்கிறார்.

இணையவழிக் காசு ஏலத்திலோ இந்த வசதி கிடையாது. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் அண்மையிலுள்ள வன்னியம்பட்டியில் ஒரு மாணவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுப் பெட்டியிலே பாட்டனார் காலத்துக் காசுகள் சில கிடக்கின்றன. அவற்றை வாங்க விரும்புபவர் சூரத்திலோ கௌகாத்தியிலோ இருக்கிறார். அவர் காசைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. தட்டி ஓசை கேட்க இயலாது. நிறுத்துப் பார்க்க இயலாது. வன்னியம்பட்டி மாணவர் எழுதிய பத்து வரிகளும், எடுத்த நான்கு படங்களுமே அவருக்குக் கண்ணும் காதும் கையும் ஆகின்றன. விற்பவரின் எழுத்து, வாங்குபவரின் புலன்களுக்கு ஈடாக நிற்கிறது. அந்த எழுத்திலே பொய் கலந்தால், பார்வையற்றவரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டதற்கு ஒப்பாகும்.

இவ்வகை வாணிகத்துக்கு அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு வழி திறந்தவர் பியர் ஒமிடியார் என்பவர். பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்ற அவருடைய ஏலத் தளத்தில் முதலில் விற்பனையானது உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு. விலை பதினான்கு டாலர் எண்பத்து மூன்று சென்ட். வாங்கியவர் ஏமாந்துவிட்டாரோ என்று ஐயுற்று, 'அது உடைந்தது என்பது தங்களுக்குத் தெரியுமா?' என்று ஒமிடியார் வினவினாராம். 'தெரியும்; உடைந்த லேசர் விளக்குகளைத்தான் நான் சேர்க்கிறேன்' என்று விடை வந்ததாம். இந்நிகழ்ச்சியிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. குறையைச் சொன்னால் பொருள் விலைபோகாது என்று அஞ்ச வேண்டியதில்லை. உலகம் பெரிது, குறையுள்ள பொருளுக்கும் ஆள் உண்டு. குறையை மறைத்த பொருளுக்குத்தான் ஆள் இல்லை.

இனி, எழுதும் முறையைக் காண்போம். எழுதுவதற்கு முன்னால் காசைப் படித்தல் வேண்டும். நாம் பூவா தலையா போட்டுப் பார்க்கிறோமே, அந்தத் தலைப்புறத்தையும் பூப்புறத்தையும் தனித்தனியே படிக்க வேண்டும். யாருடைய உருவம், என்ன எழுத்து, எந்த ஆண்டு, என்ன மதிப்பு, எந்தச் சாலையில் அடிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அடித்த சாலையை எங்ஙனம் அறிவது? இன்றைய இந்தியக் காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறிய வைர வடிவம் இருந்தால் மும்பை. விண்மீன் இருந்தால் ஐதராபாத்து. வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாயில் பூப்புறத்தின் அடியில் ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையேல் கல்கத்தா. கடுகளவு புள்ளிதான், ஆனால் சேகரிப்போர் பலர் அந்தக் கடுகளவு புள்ளியைத் தேடியே காசு வாங்குகின்றனர்.

ஆண்டைப் படிப்பதும் அப்படிப்பட்டதே. 1911ஆம் ஆண்டு ரூபாயிலே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் ஒரு சிறு யானை உருவம் உண்டு. அதன் துதிக்கை குறுகியிருந்தமையால் பார்ப்போர் கண்ணுக்கு அது பன்றிபோலத் தோன்றிற்று. மக்களிடையே, சிறப்பாக இசுலாமியரிடையே, மனவருத்தம் எழுந்தது. அரசாங்கம் அக்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கி, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. ஆகவே 1911க்கும் 1912க்கும் இடையே ஓர் ஆண்டுதான் வேறுபாடு. சேகரிப்போர் கண்ணிலோ பெரிய வேறுபாடு. அதுபோலவே ஆறாம் ஜார்ஜ் காலத்து 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரியது. அரியது என்பதனாலேயே போலி செய்வோருக்கும் அது உகந்ததாகிவிட்டது. உங்கள் பெட்டியிலே 1939 என்ற எண்ணைக் கண்டால் மகிழ்வதற்கு முன்னால் ஐயுறுங்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்து எடை. முன்னாளில் கடைகளிலே 'ஒரு ரூபாய் எடை' என்ற வழக்கு இருந்தது. ஒரு தோலா என்பதும் அதுவே. 1835 முதல் கம்பெனியாரும் பின்னர் ஆங்கில அரசாங்கமும் அடித்த வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வந்த ரூபாயோ வெள்ளியே இல்லாத நிக்கல். காந்தம் நிக்கலை ஈர்க்கும், வெள்ளியை ஈர்க்காது. ஆகவே நகைக்கடைத் தராசு ஒன்றும், காந்தத் துண்டு ஒன்றும் இருந்தால் முதற் சோதனையை நீங்களே செய்துவிடலாம். 1918ஆம் ஆண்டு ரூபாய் பத்தரை கிராம் மட்டுமே நிறுத்தால், தேய்மானத்தை விட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

இவ்வாறு படித்தபின் எழுதத் தொடங்கலாம். பலர் எழுதும் குறிப்பு எப்படி இருக்கிறது? 'மிக மிகப் பழமையான, அபூர்வமான, கிடைத்தற்கரிய வெள்ளி நாணயம். விட்டால் கிடைக்காது. உடனே கேளுங்கள்.' இதிலே வாங்குபவர் அறிந்துகொண்டது யாது? ஒன்றுமில்லை. எந்த அரசர், எந்த ஆண்டு, என்ன எடை என்பவை ஒன்றும் இல்லை. அடைமொழிகள் நான்கு உண்டு. செய்தி ஒன்றும் இல்லை. தேடுகிறவர் 'அபூர்வம்' என்று தட்டித் தேடமாட்டார். 'ஐந்தாம் ஜார்ஜ், ஒரு ரூபாய், 1918, பம்பாய்' என்றுதான் தேடுவார். அச்சொற்கள் தலைப்பிலே இல்லாவிட்டால் உங்கள் காசு அவர் கண்ணிலே படாது.

ஆகவே அதே காசை இவ்வாறு எழுதிப் பார்ப்போம்.

தலைப்பு: பிரிட்டிஷ் இந்தியா, ஐந்தாம் ஜார்ஜ், ஒரு ரூபாய், 1918, பம்பாய், வெள்ளி, 11.58 கிராம்.

விவரம்: தலைப்புறம், முடிசூடி இடப்பக்கம் நோக்கிய மன்னர் உருவம். பூப்புறம், மலர்க்கொடி வளையத்துள் மதிப்பும் ஆண்டும். அடியில் பம்பாய்ப் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. குறுக்களவு 30.5 மில்லிமீட்டர். மன்னர் மேலங்கியிலுள்ள யானை தேய்ந்திருக்கிறது. ஆயினும் உருவம் புலப்படுகிறது. கன்னத்தில் சிறிய கீறல் ஒன்று உண்டு; இரண்டாம் படத்தில் காண்க. விளிம்பில் பழைய பற்றாசின் தழும்பு இருக்கிறது. முன்னாளில் ஆபரணமாகக் கோத்திருக்கலாம். கழுவப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் இருந்து வந்தது. விவரத்துக்கு மாறாக இருந்தால் திருப்பி ஏற்றுக்கொள்ளப்படும். இந்தியாவுக்குள் மட்டும் அனுப்பப்படும்.

இந்தக் குறிப்பிலே புகழுரை ஒன்றுமில்லை. ஆனால் வாங்குபவர் கேட்கக்கூடிய ஒவ்வொரு வினாவுக்கும் விடை இருக்கிறது. அதிலும் பற்றாசுத் தழும்பைச் சொன்ன வரியை நோக்குங்கள். நம் நாட்டிலே வெள்ளி ரூபாய்க்கு வளையம் வைத்துக் கழுத்திலே கோத்து அணிந்த வழக்கம் உண்டு. அந்தத் தழும்பு காசின் மதிப்பைக் குறைக்கும் என்பது மெய். அதை மறைத்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைத்த கதையாகும். சரக்கு கைக்கு வந்த மறுகணமே வாங்குபவர் கண்டுகொள்வார். சொல்லிவிட்டாலோ, குறைந்த விலையானாலும் நிலைத்த விலை கிடைக்கும்.

காசின் நிலையைக் குறிக்கும் சொற்களிலே ஒரு வேடிக்கை உண்டு. காசு வணிகத்தில் 'குட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'நல்ல காசு' என்று பொருளன்று. மிகவும் தேய்ந்து, வெளிக்கோடுகள் மட்டும் எஞ்சிய காசு என்று பொருள். 'ஃபைன்' என்றால் நடுத்தரத் தேய்மானம். 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்று படிப்படியாக ஏறி, புழக்கத்துக்கே வாராத காசு உச்சியில் நிற்கிறது. 1949ஆம் ஆண்டு அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் என்பவர் ஒன்று முதல் எழுபது வரை எண்களால் நிலையைக் குறிக்கும் முறையை வகுத்தார். இன்று உலகெங்கும் அந்த எண்கள் வழங்குகின்றன. இச்சொற்களை அறியாமல் 'குட்' என்று எழுதுகிறவர் தம் காசைத் தாமே தாழ்த்திக்கொள்கிறார். ஆசையினால் ஒருபடி உயர்த்தி எழுதுகிறவரோ பிறரை ஏமாற்றுகிறார். ஐயம் இருந்தால் ஒருபடி தாழ்த்தி எழுதுவதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். செம்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். அந்தப் பழக்கத்தாலே பழங்காசையும் புளியிலே ஊறப்போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகின்றனர். அது பெருங்கேடு. காசின் மேலே காலம் படிய வைத்த மெல்லிய படலம் அழுக்கன்று. அது காசின் தோல். அதை உரித்துவிட்டால் நுண்ணிய கோடுகளும் உடன்போய்விடும், மதிப்பும் போய்விடும், மீட்கவும் இயலாது. பெட்டியில் கிடந்த காசைப் பெட்டியில் கிடந்தபடியே விற்க வேண்டும். முன்பே எவரேனும் துலக்கியிருந்தால் 'துலக்கப்பட்டது' என்று ஒரு சொல்லால் சொல்லிவிட வேண்டும்.

படம் எடுப்பதிலும் இதே நெறிதான். காலைப் பொழுதின் வெளிச்சம் சன்னல் வழியே சாய்ந்து விழும் இடத்திலே, வண்ணமற்ற தாளின் மேல் காசை வைத்து, இரண்டு புறமும் எடுங்கள். விளிம்பை ஒருமுறை எடுங்கள். அளவுகோலைப் பக்கத்திலே வைத்து ஒருமுறை எடுங்கள். நிறத்தை மாற்றிப் பொலிவூட்டும் கருவிகள் கைப்பேசியிலே பல உண்டு. அவை திருமணப் படத்துக்கு ஆகலாம், காசுப் படத்துக்கு ஆகா. இன்னொருவர் எடுத்த படத்தைத் தம் காசின் படமென்று போடுவதோ வெளிப்படையான மோசடி.

பழமை வேறு, அருமை வேறு என்பதையும் உணர்தல் வேண்டும். 1808ஆம் ஆண்டு பொறித்த சென்னை மாகாணத்துப் பத்துக் காசும் இருபது காசும் இங்கிலாந்தில் அடிக்கப்பட்டவை. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கடற்கரைக்கு அருகிலேயே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அக்காசுகள் பெருந்தொகையாக மேலே எடுக்கப்பட்டன. இருநூறு ஆண்டுப் பழமை உண்டு. ஆயினும் எளிதில் கிடைக்கின்றன. ஆதலால் விலை அளவானது. நம் வீடுகளிலே கிடக்கும் ஓட்டைக் காலணாவும் அப்படியே. 1943 முதல் 1947 வரை நடுவிலே துளையிட்டு அடித்த அந்தக் காசுகள் ஏராளம். 1957இல் பிறந்து, 1964இல் 'நயா' என்ற அடைமொழியை இழந்த நயா பைசாவும் ஏராளம். விருதுநகர் தந்த காமராசரின் நூற்றாண்டை ஒட்டி வெளிவந்த ஐந்து ரூபாய்க் காசை நாம் அன்போடு போற்றி வைக்கலாம். அதை இலட்ச ரூபாய்க்கு விற்றுவிடலாம் என்று எண்ணுவது பேதைமை.

இப்பேதைமையைத்தான் வஞ்சகர் எதிர்பார்த்திருக்கின்றனர். 'உங்களிடம் இன்ன காசு இருக்கிறதா? பத்து இலட்சம் தருகிறோம்' என்று விளம்பரம் வரும். தொடர்பு கொண்டால், 'பணம் தயார். அதற்கு முன் வரியும் கட்டணமும் நீங்கள் செலுத்த வேண்டும்' என்பர். ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் தாங்கிய பொய்க் கடிதமும் வரும். 2021 ஆகஸ்டு மாதம் ரிசர்வ் வங்கியே இதைக் குறித்து மக்களை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு வாணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்கென்று எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும், தன் சார்பில் கட்டணம் வாங்க எவருக்கும் உரிமை தரவில்லை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வாங்குபவர் உலகில் உண்டோ என்று ஒரு கணம் சிந்தித்தால் போதும், வலை அறுந்துவிடும்.

இராமர் பட்டாபிடேகமும் அனுமன் உருவமும் பொறித்து, '1818, கிழக்கிந்தியக் கம்பெனி' என்று எழுதிய வில்லைகளும் ஊரெங்கும் உலவுகின்றன. கம்பெனியார் அத்தகைய காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் நாணயம் என்று சொல்லி ஏமாற்றிய வழக்குகளும் தமிழ்நாட்டிலே பல. இத்தகைய பொருள் உங்கள் வீட்டில் இருந்தால் பக்தியோடு வைத்துக்கொள்ளுங்கள். காசு என்று பெயரிட்டு ஏலத்திலே போடாதீர்கள்.

விலையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். டேவிட் லக்கிங் ரெய்லி முதலிய பொருளியலார் அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசுகள் இணைய ஏலத்தில் என்ன விலைக்குப் போயின என்று ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். விற்பவரைப் பற்றி வாங்கியோர் பதிந்த குறைமொழி விலையைத் தாழ்த்தியது. அந்தக் குறைமொழி தாழ்த்திய அளவுக்கு நிறைமொழி உயர்த்தவில்லை. மூன்று நாள் ஏலத்தைவிட ஏழு நாள், பத்து நாள் ஏலங்களில் விலை கூடுதலாக இருந்தது. பால் ரெஸ்னிக் முதலியோர் 2006இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், ஒரே வகையான பழைய அஞ்சலட்டைகளை நற்பெயர் பெற்ற கணக்கிலும் புதிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்தனர். நற்பெயருக்கு நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதல் விலை கிடைத்தது. நாணயத்துக்கு விலை உண்டா என்று கேட்போருக்கு இது விடை. பல ஆண்டு நேர்மைக்கு நூற்றுக்கு எட்டு; அதைக் கெடுக்க ஒரே ஒரு பொய்க் குறிப்பு போதும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரம் கூறி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். ஏலத்திலே விலையை ஏற்றுவதற்காகத் தம் ஆளைக் கொண்டே பொய்யாக விலை கேட்பித்தால், வாங்கியவர் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆதலால் பள்ளி மாணவர்கள் தம் பெயரிலே விற்கலாகாது. விற்பவர் தந்தையாராகவோ தாயாராகவோ இருக்கட்டும். எழுதுபவர் நீங்களாக இருங்கள். காசு அனுப்பும் விதியையும் காப்பீட்டையும் அஞ்சலகத்திலே முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவற்றினும் முக்கியமான சட்டங்கள் இரண்டு உள்ளன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்து கண்டெடுக்கப்பட்ட பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். உழும்போது கிடைத்தாலும், கிணறு தோண்டும்போது கிடைத்தாலும் விதி ஒன்றே. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ நூறு ஆண்டுக்குக் குறையாத காசைத் தொல்பொருள் என்கிறது. மத்திய அரசும் அதன் அதிகாரம் பெற்றோரும் அன்றிப் பிறர் அதை அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்வோருக்கு உரிமமும் வேண்டும். முன்னே காட்டிய 1918ஆம் ஆண்டு ரூபாய்க்கு 'இந்தியாவுக்குள் மட்டும்' என்று எழுதியது இதனாலேதான். ஆண்டுதோறும் ஓராண்டுக் காசு அந்த எல்லைக்குள் வந்து சேர்கிறது. இன்று அயல்நாட்டுக்கு விற்கக்கூடிய 1943ஆம் ஆண்டு ஓட்டைக் காலணா, 2043இல் தொல்பொருள் ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? வன்னியம்பட்டி அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து பண்டைப் பொருள்களை எடுத்திருக்கின்றனர். அங்கே ஒரு காசு எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டின் பக்கத்தில் கிடந்தது என்று அளந்து எழுதுவர். அந்த இடக்குறிப்பு இருந்தால் காசு சான்று. இல்லையேல் வெறும் செம்பு. நிலத்திலே கிடைத்த காசை ஒருவர் எவருக்கும் சொல்லாமல் ஏலத்திலே விற்றால், அவர் விற்றது காசை மட்டுமன்று. தம் ஊரின் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழித்து விற்றவராகிறார். அவருக்குக் கிடைத்தது சில நூறு ரூபாய். ஊர் இழந்ததற்கு அளவில்லை.

காசை உள்ளது உள்ளவாறு எழுதும் கலை வியாபாரத்திலே தோன்றியதன்று. அறிவுத் துறையிலே வளர்ந்தது. 1886இல் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி நூல் வெளியிட்ட சர் வால்டர் எலியட், 1933இல் அதே துறையில் நூல் எழுதிய தேசிகாச்சாரியார் போன்றோர், ஒவ்வொரு காசின் எடை, அளவு, உருவம், எழுத்து ஆகியவற்றைப் பொறுமையோடு பதிவு செய்தனர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பகுதியிலே நின்று பாருங்கள். ஒவ்வொரு காசின் கீழும் உள்ள இரண்டு வரிக் குறிப்பே உங்களுக்கு நல்ல இலக்கணம்.

அத்தகைய நோக்கினால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லி முடிக்கிறேன். சங்க காலப் பாண்டியர் தம் பெயரிட்ட காசு அடித்தனரா என்பது நெடுங்காலம் ஐயத்துக்கு உரியதாயிருந்தது. தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தேய்ந்த செப்புக் காசொன்றிலே குதிரை உருவத்தோடு இருந்த எழுத்துகளை உற்று நோக்கிப் படித்தார். தமிழ் பிராமி எழுத்திலே 'பெருவழுதி' என்ற பெயர் அங்கே இருந்தது. விரல்நுனியில் அடங்கும் ஒரு செப்புத் துண்டு, பாண்டிய மன்னன் ஒருவனின் பெயரை ஈராயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் சேர்ப்பித்தது. அக்காசைப் புளியிட்டுத் தேய்த்திருந்தால் அந்த எழுத்து நமக்குக் கிடைத்திருக்குமா? 'அபூர்வமான பழைய காசு' என்று மட்டும் எழுதி எவரோ எங்கோ விற்றிருந்தால் அப்பெயரைப் படித்திருப்பவர் யார்?

ஆதலால், மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்கும்போது முதலில் தராசையும் தாளையும் எடுங்கள். விற்கப் போகிறீர்களோ, வைத்துக்கொள்ளப் போகிறீர்களோ, அது பிறகு ஆகட்டும். ஒவ்வொரு காசுக்கும் ஐந்து வரி எழுதி வையுங்கள். அந்த ஐந்து வரியும் மெய்யாயிருக்கட்டும். காசு பல கை மாறும். உங்கள் எழுத்தும் அதனோடு கூடவே செல்லும். அந்த எழுத்தை நம்பி, முன்பின் அறியாத ஒருவர் தொலைவிலிருந்து தம் உழைப்பின் பணத்தை உங்களுக்கு அனுப்புகிறார். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நீங்கள் தரவேண்டிய நாணயம் ஒன்றே. அது எந்தச் சாலையிலும் அடிக்கப்படுவதில்லை.